‘போன இடம் தெரியவில்லை’ என்று எழுதியவள்

ஏட்டி பாக்கியம், என் தாயி,

உன் கோமதி மதினி எழுதுகிறேன். உனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கையெழுத்து ஒன்றுதான் நீ போடுவாய். அதையும் பேனாவை உலக்கை மாதிரிப் பிடித்துக்கொண்டு போடுவாய். “உசிரோட இருக்கும்போதே வாசிக்காதவ, இப்போ எப்படி வாசிப்பா?” என்று உன் அண்ணன் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பயம் வந்தால் நான் உன்னிடம்தானே வருவேன்? வேறு எங்கே போக?

பயமாக இருக்கிறது பாக்கியம். நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்து அம்மி அரைக்கிற மாதிரி இருக்கிறது. கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுகிறேன். நேற்று சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். நம் பிள்ளைகள் இல்லத்தில் இப்போது இருக்கிற பதினொரு பேரும் என் வாய்க்குப் பயந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தன.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொன்னி வருகிறாள். நாளைக்கு, வெள்ளிக்கிழமை. ஆமாம், அந்தப் பொன்னிதான்.

நீ போனதற்குப் பிறகு இல்லத்துக்குப் புதிதாக ஒரு கண்காணிப்பாளர் வந்திருக்கிறாள். தேன்மொழி என்று பேர். சின்ன வயசு, நல்ல பிள்ளை, எல்லாமே கம்ப்யூட்டரில்தான். இல்லத்துக்கு ஒரு மலர் போடப் போகிறோம், “நமது வரலாறும் சேவைகளும்” என்று ரெண்டு பக்கம் எழுதித் தாருங்கள் அம்மா, உங்களை விட்டால் ஆள் இல்லை என்று என்னிடம் கேட்டாள். நானும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டேன். அதே வாரத்தில்தான் பொன்னியின் கடிதமும் வந்தது. அதற்குப் பிறகு வரலாறு எழுத உட்கார்ந்தால் பேனா உன்னிடம்தான் வருகிறது. மலரில் போடுவார்களோ கிழித்துப் போடுவார்களோ, நான் இதைத்தான் கொடுக்கப் போகிறேன். உனக்குத் தெரிந்த கதையையும் வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நம் இல்லத்துக்கு முதலில் பேரே கிடையாது. ‘பாக்கியம் வீடு’ என்றுதான் ஊரில் சொன்னார்கள். கோவில்பட்டியில் அப்போது தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீஸ். கிராமங்களுக்கு வேன் போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு வரும். நீ கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்தாய். மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசையாகச் செருகுகிற வேலை. கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைப் பக்கத்தில் தரையில் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள். ஒருநாள் கழுகுமலைக்காரி ஒருத்தியின் பிள்ளை, குச்சி முக்குகிற மருந்தை எடுத்து வாயில் வைத்துவிட்டது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டது.

மறுநாள் நீ வேலைக்குப் போகவில்லை. வேன் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, “பிள்ளைகள எங்கிட்ட விட்டுட்டுப் போங்கட்டி, நான் வீட்லதான் இருக்கேன்” என்றாய். உனக்குப் பிள்ளை இல்லை. கட்டினவனும் விட்டுவிட்டுப் போயிருந்தான். பிள்ளை இல்லாதவளுக்கு ஊரான் பிள்ளை மேல் என்ன கொதிப்பு என்று பேசினார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேசினவளுகளோடு தெருவில் நின்று சண்டை பிடித்தது நான்தான்.

அப்புறம் ஒரு டாக்டரம்மாவும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் சேர்ந்து அதைச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். தீப்பெட்டி ஆபீசில் இருந்து நிறுத்தின பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பள்ளிக்கூடம் வந்தது. பட்டாசு விபத்தில் பெற்றவர்களை இழந்த பிள்ளைகள் வந்தன. வாசலில் தொட்டில் வந்தது. படிக்கிற வயசுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்தால் நீயும் நானும் பஸ் ஏறிவிடுவோம். எப்போதும்வென்றான் ஊரில் பந்தலில் கட்டியிருந்த வாழையைப் பிடுங்கிக்கொண்டு உன்னை அடிக்க வந்தானே ஒருத்தன்! நீ அவன் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாய். அந்தப் பெண் இப்போது நர்சாக இருக்கிறாள். உன் படத்துக்கு மாலை போட வந்தாள்.

இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு பயமும் இல்லை. இதோடு நிறுத்தியிருந்தால் தேன்மொழி சந்தோசமாக வாங்கி அச்சுக்குக் கொடுத்திருப்பாள். ஆனால் கிடைப் பிள்ளைகளைச் சொல்லாமல் நம் வரலாற்றை எப்படிச் சொல்ல?

கரிசல் காய்ந்துவிட்டால் ஆடு வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே மேய்ச்சல் இல்லை. மந்தையை ஓட்டிக்கொண்டு ஆற்றுப் பாசன ஊர்களுக்குப் போவார்கள். அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை வலைக்குள் அடைத்துப் படுக்கப் போட்டால் வயலுக்கு உரமாகும். அதைத்தான் கிடை போடுவது என்போம். பங்குனியில் போனால் ஆவணியில்தான் ஊர் திரும்புவார்கள். கூடவே அலைய முடியாத சின்னப் பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள்.

“ஆவணியில வந்து கூட்டிக்கிடுதேங்க்கா.”

“சரிட்டி. போயிட்டு வா.”

இவ்வளவுதான் பேச்சு. ஒரு காகிதம் கிடையாது. அவள் தெரு முனை திரும்பினதும் நீ கரித்துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் ஒரு ஆட்டுப் படம் போடுவாய். பொம்பளைப் பிள்ளை என்றால் ஆட்டுக்குப் பொட்டு வைப்பாய். பக்கத்தில் எத்தனை மாசமோ அத்தனை கோடு. மாசம் கழியக் கழிய ஒவ்வொரு கோடாக ஈரத்துணியால் அழிப்பாய். உன் ஆடு கட்டில் மாதிரி இருக்கும். “இது ஆடா கட்டிலாட்டி?” என்று கேட்டால், “எங்க கலெக்டர் மதினிக்கு எல்லாத்துலயும் நொட்டைதான்” என்பாய். பத்தாவது வரை படித்தேன், இல்லத்தின் எழுத்து வேலையெல்லாம் நான்தான் பார்த்தேன் என்பதற்காக நீ எனக்கு வைத்த பட்டம். வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வாய். இப்போது அந்தப் பட்டத்தை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

உன் சுவர்க் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை பாக்கியம். தப்பியது என் எழுத்துதான்.

புதுச் சட்டம் வந்த சமயம் அது. இல்லத்தில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கோப்பு வேண்டும், பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றார்கள். நல்ல சட்டம்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பார்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தபோது நீ கர்ப்பப்பை ஆபரேசன் முடிந்து திருநெல்வேலியில் உன் அக்கா வீட்டில் படுத்திருந்தாய். சுவரெல்லாம் கரியாகக் கிடக்கிறதே, வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று அடுப்படிக்கு வெள்ளையடித்தேன். என் கையாலேயே மட்டையைப் பிடித்து அடித்தேன்.

அந்த வருசம் கிடைப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொன்னி. ரெண்டரை வயசு. நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊர்ப் பேச்சியம்மாளின் மகள். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஆடுதான். உன் வெள்ளைத் துண்டைப் பார்த்தாலே “ம்மே” என்று கூப்பிடுவாள். நான் வெள்ளையடித்து முடித்ததும் சுவரைப் பார்த்து “ம்மே, ம்மே” என்று கையைத் தட்டினாள்.

படிவத்தில் மூன்று கட்டம்தான் இருந்தது. அநாதைக் குழந்தை. ஒப்படைக்கப்பட்ட குழந்தை. கைவிடப்பட்ட குழந்தை. கிடைக்குப் போன வீட்டுப் பிள்ளைக்குக் கட்டம் இல்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் எப்படியம்மா பிள்ளையை வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டால் நான் என்ன சொல்ல? இல்லத்தை மூடிவிட்டால் மற்றப் பிள்ளைகள் எங்கே போகும்? பயந்துபோய் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். ஆவணியில் பேச்சியம்மாள் வந்ததும் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீட்டை நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுக்கச் சொன்னார்கள். போனேன். பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி முற்றத்தில் மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். “கிடைக்குப் போயிருக்காகல்லா, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம்” என்று சொன்னாள். எந்த ஊர் வயக்காடு என்று ஊர்ப் பேரையும் சொன்னாள் பாக்கியம். இதை நான் இத்தனை வருசமாக யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட.

அங்கே போக மூன்று பஸ் மாற வேண்டும். நல்ல வெயில். அதெல்லாம் சாக்கு. பேச்சியம்மாளைப் பார்த்தால், உன் பிள்ளையைக் கைவிடப்பட்டது என்று எழுதிவிட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் பயந்தேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். ‘வீடு பூட்டியிருந்தது. விசாரித்ததில் போன இடம் தெரியவில்லை.’ கீழே என் கையெழுத்து.

குழு அதை நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? இவ்வளவு சின்னப் பிள்ளையை நம் இல்லத்தில் வைக்கக் கூடாது என்று வேறு ஊரில் தத்துக் கொடுக்கிற இல்லத்துக்கு மாற்றினார்கள். நீ திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்னே “பொன்னி எங்க மதினி?” என்று கேட்டாய். சின்னப் பிள்ளைகளையெல்லாம் அங்கேதான் வைக்க வேண்டுமாம், பேச்சியம்மாள் வந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். நீ “ஓகோ” என்றாய். நான் சொன்னால் உனக்கு அது சட்டம்.

பெற்றவர்கள் வந்து கேட்கக் கெடு வைத்துப் பேப்பரில் பொன்னியின் படம் வந்தது. வயக்காட்டில் யார் பேப்பர் பார்க்கிறார்கள்? அந்த வருசம் மழை தள்ளிப் போய்விட்டது. ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசியில்தான் மந்தை ஊருக்குத் திரும்பியது. அதற்குள் கெடு முடிந்து, உத்தரவு வந்து, தூரத்து ஊரில் இருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்து பொன்னியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பேச்சியம்மாள் மழையில் நனைந்துகொண்டு வந்தாள். பொன்னிக்கு ஒரு கவுன் வாங்கி, நனையாமல் மடியில் சுருட்டி வைத்திருந்தாள். அவள் குரல் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாசலில் நின்றது நீ. உள்ளே இருந்து எல்லாம் எனக்குக் கேட்டது.

“ஆவணின்னு சொல்லிட்டுத்தானக்கா போனேன்? மழ இல்லாமப் பிந்திட்டேன், அதுக்குப் பிள்ளையக் குடுத்துருவியளா? நான் கைவிட்டுட்டுப் போயிட்டேன்னு எவ எழுதுனா?”

“நான்தான் குடுத்தேன். எங்கிட்டதான விட்டுட்டுப் போன. எல்லாம் நான்தான்.”

அவள் முற்றத்து மண்ணை ரெண்டு கையாலும் வாரி உன் தலையில் போட்டாள். ஈரக் கரிசல் மண் எப்படி ஒட்டும்! உன் முடியில் இருந்து அதை எடுக்க நான் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். அந்த மண் என் தலையில் விழ வேண்டியது என்று தெரிந்துகொண்டே ஊற்றினேன். அதற்குப் பிறகு நீ குழுவுக்கும் கோர்ட்டுக்கும் எத்தனை நடை நடந்தாய். கோப்பில் இருப்பதைத்தானே அவர்களும் பார்க்க முடியும்? கோப்பில் இருந்தது என் வார்த்தை. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

நீயும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் பாக்கியம்? உனக்குத் தெரியாதா, இல்லை, தெரிந்துதான் கேட்கவில்லையா?

பொன்னிக்கு இப்போது வேறு பேர். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவள் சொத்து. காலேஜ் முடிக்கப் போகிறாள். அவள் கடிதத்தைத் தேன்மொழி வாசித்துக் காட்டினாள். என்னை வளர்த்தவர்களிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னை விட்டுப் போனவர் ஏன் திரும்பி வரவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாள். ‘அம்மா’ என்றுகூட எழுதவில்லை, ‘விட்டுப் போனவர்’ என்று எழுதியிருந்தாள்.

“கோப்புல இருக்கிறதக் காட்டுவோம்மா. பழைய ஆள் நீங்களும் பக்கத்துல இருந்தா அந்தப் பொண்ணுக்கு ஆறுதலா இருக்கும்” என்றாள் தேன்மொழி. ஆறுதலாம்! கோப்பை எடுத்துக் காட்டினால் அதில் என்ன இருக்கிறது? கைவிடப்பட்ட குழந்தை, போன இடம் தெரியவில்லை. அந்தப் பிள்ளை அதை வாசித்துவிட்டு, சரிதான், என்னைப் பெற்றவள் அப்படித்தான் என்று காலம் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக் கொடுக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னாலோ? அவள் என்னை என்ன செய்வாள்? போலீசுக்குப் போவாளா? இல்லத்தை மூடினால் இந்தப் பதினொரு பிள்ளைகளும் எங்கே போகும்? பழைய பயம் அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது, பார். அன்றைக்கும் இதே பிள்ளைகளைச் சொல்லித்தானே நான் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்? பிள்ளைகளைச் சாக்குச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்கிற கெட்டிக்காரி நான்.

போன திங்கட்கிழமை உன் அண்ணனிடம் கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினேன். கால் ஏறமாட்டேன் என்றது, கம்பியைப் பிடித்து ஏறினேன். வழியெல்லாம், பேச்சியம்மாள் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம். சாகாமல் இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன், அவள் இருக்கக் கூடாது என்றுகூட எட்டயபுரம் தாண்டும்போது ஒரு நிமிசம் நினைத்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது.

ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்டிருக்கிறார்கள். மற்றபடி அதே வாசல், அதே பங்குனி சித்திரை வெயில், அதே பூட்டு. பக்கத்து வீட்டில் இப்போது மருமகள்காரி வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்கிறதுக்கு முன்னே அவளே கேட்டாள்.

“பேச்சியம்மா சித்தியப் பாக்கவா வந்திய? கிடைக்குப் போயிருக்காக. நீங்க கோயில்பட்டி இல்லத்துல இருந்துதான வாரிய?”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“அங்கன இருந்து ஒரு அம்மா வருவாக, வந்தா எடத்தச் சொல்லிருன்னு வருசா வருசம் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவாக. முன்னால எங்க மாமியாட்டச் சொல்லுவாகளாம்.” அப்புறம் ஊர்ப் பேரைச் சொன்னாள். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம்தான். “வெயிலாக் கெடக்கு, ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டுப் போங்க.”

தண்ணீர் குடித்தேன். விளாத்திகுளம், தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், மூன்று பஸ் மாறினேன். ஒரு மத்தியானம்தான் ஆனது பாக்கியம். இருபது வருசத்துக்கு முன்னாலும் ஒரு மத்தியானம்தான் ஆகியிருக்கும்.

அறுத்த வயலில் ஆடுகள் நெல்தாள் கடித்துக்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து பிய்ந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. நான் ரோட்டில் இருந்து இறங்கி வரப்பு வழியாக நடந்து போய்ச் சேர்கிற வரைக்கும் அவள் வலையைவிட்டுக் கண்ணை எடுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாமா என்று இருந்தது. எங்கே ஓட, இந்த முட்டியை வைத்துக்கொண்டு?

“கலெக்டர் மதினியா? வாங்க” என்றாள்.

உன் வாயில் இருந்து மட்டும் கேட்ட பட்டம் அது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, பொன்னி உயிரோடு நன்றாக இருக்கிறாள், படிக்கிறாள், வெள்ளிக்கிழமை வருகிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கையில் இருந்த வலை கீழே விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆடுகளையே பார்த்தாள்.

அப்புறம் நான் மற்றதைச் சொன்னேன். பாக்கியம் இல்லை, எழுதியது நான், பக்கத்து வீட்டில் ஊர்ப் பேரைச் சொன்ன பிறகும் தெரியவில்லை என்று எழுதியது நான் என்று சொன்னேன். மண்ணை வாருவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“தெரியும்” என்றாள்.

“பாக்கியம் சொன்னாளா?”

“அவிய எங்க சொன்னாக? சாகுற வரைக்கும் நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்னுதான் சொன்னாக. வருசா வருசம் ஆவணியில ஊருக்கு வந்து எங்க வீட்டு வாசல்ல நிப்பாக. நான் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேன். அஞ்சாறு வருசம் கழிச்சுத்தான் ஒரு செம்பு தண்ணி குடுத்தேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அவியளுக்குத்தான் எழுதத் தெரியாதுல்லா. பிள்ளைய விட்டுட்டுப் போறன்னைக்கே சொன்னாக, எழுத்து வேலையெல்லாம் எங்க கலெக்டர் மதினிதான்னு. எழுதத் தெரியாத மனுசி எப்படி எழுதியிருப்பாக? எழுதுனவுக ஒரு நாளைக்கு வருவாகன்னுதான் எடத்தச் சொல்லிட்டுச் சொல்லிட்டு வந்தேன்.”

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன் பாக்கியம். ஆவணியில் ஒருநாள் நீ, “விளாத்திகுளம் வரைக்கும் போயிட்டு வாரேன் மதினி” என்று தலையை வாரிக்கொண்டு கிளம்புவாயே. அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் பங்கு மண்ணை நீ வருசா வருசம் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். பாவி, என்னிடம் ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா? ஒரு அறை அறைந்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை வருகிறாயா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

“எனக்குப் பயமா இருக்கு மதினி. எம்மேல ஆட்டு வாடை அடிக்கும். அவ மூஞ்சியச் சுளிச்சுட்டா நான் தாங்க மாட்டேன்.” கொஞ்ச நேரம் வலையை நோண்டிக்கொண்டிருந்தாள். “வாரேன். ஆனா மொதல்ல நீங்க சொல்லணும். நான் விட்டுட்டுப் போகலன்னு நான் சொன்னா, இப்போ சொல்லுதாளேன்னு நெனைப்பா. எழுதுனவுக வாயால சொன்னாத்தான் நம்புவா. நீங்க சொல்லி முடிச்ச பெறகுதான் நான் உள்ள வருவேன்.”

சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை தேன்மொழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. “இத்தன வருசம் சொல்லாம இருந்துட்டு இப்போ ஏம்மா சொல்றீங்க? இல்லத்துக்கு லைசென்சு புதுப்பிக்கிற நேரமாச்சேம்மா” என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவளேதான் புதன்கிழமை என்னைக் குழுவிடம் கூட்டிக்கொண்டு போனாள். நடந்ததை எழுதி, அடியில் என் பேரைப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ரெண்டு தடவை வாசித்தார்கள். ரெண்டு பேருக்கும் சம்மதம் என்றால் தாயும் மகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். உங்கள் விஷயத்தைப் பிறகு விசாரிப்போம் என்றார்கள். ‘பிறகு’ என்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் ஒரு ஆட்டுப் படம் போட்டேன். பொட்டு வைத்தேன். பக்கத்தில், மிச்சம் இருக்கிற ஒரு நாளுக்கு, ஒரே ஒரு கோடு. என் ஆடும் கட்டில் மாதிரித்தான் வந்தது, நீ சிரிப்பாய். பிள்ளைகள் வந்து, “என்ன பாட்டி, சுவத்துல கிறுக்கக் கூடாதுன்னு எங்களத் திட்டுவீங்க?” என்று கேட்டன. போங்கடி அந்தப் பக்கம் என்று விரட்டிவிட்டேன்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. கொஞ்சம்கூடப் போகவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு அவள் வருகிறாள். இந்த நிமிசம்கூட, பஸ் கவிழாமல், ஆனால் எப்படியாவது அவள் வராமல் போய்விடக் கூடாதா என்று ஒரு மனசு அலைகிறது. நான் அப்படிப்பட்டவள்தான், உனக்குத் தெரியாததா?

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போவேன். கோப்பைத் திறக்கும் முன்னே, நின்றுகொண்டே அவளிடம் சொல்வேன். உங்க அம்மா திரும்பி வந்தாள், மழையில் நனைந்துகொண்டு வந்தாள், உனக்குக் கவுன் வாங்கிக்கொண்டு வந்தாள் என்று சொல்வேன். அவள் போன இடம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் தெரியவில்லை என்று எழுதினேன் என்று சொல்வேன். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளையும் குனிந்து மண்ணை வாரினால், வாரட்டும்.

நான் அடுப்படிக்குள் போக மாட்டேன் பாக்கியம்.

உன் பேரில் கிடந்த பழியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட,
உன் அண்ணன் பெண்டாட்டி,
கோமதி மதினி